இசைக் கடலில் முத்தெடுத்த தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்

முன்னுரை

மண்ணில் பிறந்தோர் பலர். மறைந்த பின்னும் வாழ்வோர் சிலர். அச்சிலருள் ஒருவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். ஆசிரியராக வாழ்வைத் தொடங்கி, மருத்துவராகப் பொருள் ஈட்டி, அப்பொருளையெல்லாம் தமிழிசைக்கே கொடுத்த பெரியார் அவர். அவருடைய வரலாற்றை எங்களுக்கு முதலில் சொன்னவர் இசை வகுப்பு எடுக்கும் எங்கள் அருட்சகோதரி. அதை அவர் ஏன் சொன்னார் என்பதை இக்கட்டுரையின் இறுதியில் கூறுவோம். அது எங்களுக்குப் பெருமை தரும் செய்தியன்று. ஆயினும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் பள்ளி முற்றத்தில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீல நிறமாய்த் தெரியும். அம்மலையிலிருந்து கடுக்காயும் தேனும் மூலிகைகளும் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருவதை நாம் அனைவரும் அறிவோம். கடுக்காய்க்கும் கானத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். பண்டிதருடைய வாழ்வில் இரண்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மலை மூலிகைகளைக் கொண்டு செய்த மருந்தின் வருவாயே அவர் கூட்டிய இசை மாநாடுகளுக்குச் சோறு போட்டது!

பிறப்பும் இளமையும்

இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள சாம்பவர்வடகரை என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் ஆபிரகாம் பிறந்தார். தந்தை முத்துசாமி, தாய் அன்னம்மாள். கிறிஸ்தவக் குடும்பம். இளமையிலேயே எதைக் கண்டாலும் அது எப்படி இயங்குகிறது என்று ஆராயும் குணம் அவருக்கு இருந்தது. ஆசிரியப் பயிற்சி பெறத் திண்டுக்கல் சென்ற அவர், அங்கே படிப்போடு நிற்கவில்லை. சடையாண்டிப் பட்டர் என்பவரிடம் வயலின் கற்றார். புகைப்படக் கலையையும் பயின்றார். பின்னாளில் தஞ்சையில் பிச்சைமுத்து என்பவரிடம் மேனாட்டு இசையையும் முறையாகக் கற்றுக்கொண்டார். கர்நாடக இசை, மேனாட்டு இசை ஆகிய இரண்டையும் அறிந்திருந்தது பிற்காலத்தில் அவருடைய ஆராய்ச்சிக்குப் பெருந்துணையாயிற்று.

மூலிகைகளிலும் அவருக்கு ஆர்வம் மிகுதி. அவற்றைத் தேடிச் சுருளி மலைக்குச் சென்றபோது கருணானந்தர் என்னும் துறவியைச் சந்தித்தார். அத்துறவி சித்த மருத்துவ நுட்பங்களை அவருக்குக் கற்பித்தார். செய்ந்நன்றி மறவாத ஆபிரகாம், தம் வாழ்வில் பின்னர் உருவாக்கிய பலவற்றுக்கும் அந்தக் குருவின் பெயரையே சூட்டினார். மருந்துகளுக்குக் கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் என்று பெயர். தோட்டத்துக்குக் கருணானந்தபுரம் என்று பெயர். நூலுக்குக் கருணாமிர்த சாகரம் என்று பெயர். கிறிஸ்தவர் ஒருவர் மலையில் வாழ்ந்த ஒரு துறவியைக் குருவாக ஏற்று வாழ்நாள் முழுவதும் போற்றியது நம் நாட்டுப் பண்புக்கு ஓர் எடுத்துக்காட்டு அன்றோ!

பெண்கள் பள்ளியின் ஆசிரியர்

1882ஆம் ஆண்டு ஞானவடிவு பொன்னம்மாளை அவர் மணந்தார். மறு ஆண்டு இருவரும் தஞ்சாவூருக்கு வந்து லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றனர். பெண்கள் எழுத்தறிவு பெறுவதே அரிதாக இருந்த காலம் அது. கணவனும் மனைவியும் சேர்ந்து பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள் என்று படிக்கும்போது எங்களுக்கு உவகை உண்டாகிறது.

பள்ளி வேலை போக எஞ்சிய நேரத்தில் இருவரும் மருந்து செய்தனர். நாளடைவில் அம்மருந்தின் புகழ் பரவிற்று. நோயாளிகள் பெருகவே, 1890இல் ஆசிரியப் பணியை விட்டு முழுநேர மருத்துவரானார். மக்கள் அவரைப் பண்டிதர் என்று அழைத்தனர். அவருடைய மருந்துகள் இந்தியாவெங்கும் மட்டுமன்றி இலங்கை, பர்மா முதலிய நாடுகளிலும் விற்பனையாயின. தஞ்சைக்கு வெளியே பெரிய நிலம் வாங்கிக் கருணானந்தபுரம் என்னும் பண்ணையை அமைத்தார். மூலிகைகள், பழமரங்கள், புதிய வகைக் கரும்பு ஆகியவற்றை அங்கே பயிரிட்டார். ஊரார் அதனைப் பண்டிதர் தோட்டம் என்றே வழங்கினர். அவருடைய தொண்டைப் பாராட்டி 1909இல் அரசாங்கம் ராவ் சாகிப் பட்டம் அளித்தது.

பொருள் சேர்ந்தது, புகழும் சேர்ந்தது. வேறொருவராக இருந்தால் அத்துடன் ஓய்ந்திருப்பார். பண்டிதருக்கோ அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கிற்று.

அவரை உறங்க விடாத கேள்வி

தமிழ் இயல், இசை, நாடகம் என மூன்று வகைப்படும் என்று நாம் சிறு வகுப்பிலேயே படிக்கிறோம். ஆனால் பண்டிதர் காலத்தில் இசைத்தமிழின் இலக்கணம் இன்னது என்று சொல்லுவார் மிக அரியர். இசை கற்கத் தொடங்கும் பிள்ளைகள் பாடிய கீதங்கள் பெரும்பாலும் பிற மொழிகளில் இருந்தன. பொருள் தெரியாமல் பாடும் பிள்ளைகளைக் கண்ட பண்டிதர், தமிழில் கீதங்களும் கீர்த்தனைகளும் இயற்றி 1907இல் கருணாமிர்த சாகரத் திரட்டு என்னும் நூலாக வெளியிட்டார்.

அவ்வாறு இயற்றும்போதுதான் ஒரு பெரிய ஐயம் எழுந்தது. ஒரு சட்சத்துக்கும் அதன் மேல் சட்சத்துக்கும் இடையே உள்ள நுண்ணிய ஒலிகள், அதாவது சுருதிகள், எத்தனை?

இதைச் சிறிது விளக்குவோம். வீணைத் தந்தியை மீட்டினால் ஒரு சுரம் ஒலிக்கிறது. அதே தந்தியைச் சரிபாதியில் அழுத்தி மீட்டினால் மேல் சட்சம் கேட்கும். மூன்றில் இரண்டு பங்கு ஒலிக்குமாறு அழுத்தினால் பஞ்சமம் கேட்கும். இப்படி ஒரு ஸ்தாயியில் 12 சுர இடங்கள் உள்ளன. அவற்றினும் நுண்ணியவை சுருதிகள். 13ஆம் நூற்றாண்டில் சாரங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் 22 சுருதிகள் என்று கூறுகிறது. ஆனால் 22ஐப் பன்னிரண்டு சுரங்களுக்குச் சமமாகப் பங்கிட இயலாது. ஆகவே அறிஞர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்லி வந்தனர்.

பண்டிதர் பழந்தமிழ் நூல்களுள் விடை தேடினார். சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையர் 1892இல் ஏட்டுச் சுவடிகளிலிருந்து அச்சேற்றியிருந்தார். அதன் அரங்கேற்று காதையிலும் அடியார்க்கு நல்லார் உரையிலும் இசைச் செய்திகள் நிறைந்திருந்தன. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு தமிழ்ச் சுரப் பெயர்கள் அங்கே இருந்தன. ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை என்னும் நான்கு முறைகளும் இருந்தன. பெயர்கள் இருந்தன, அவற்றைப் பாடிக் காட்டுவார்தாம் இல்லை. பூட்டிய பெட்டி கையில் இருந்தது, சாவியைக் காணோம் என்பது போன்ற நிலை.

பன்னிரண்டு இராசிகளைப் போல வட்டத்தில் சுரங்களை நிறுத்திக் கணக்கிடும் வட்டப்பாலையைப் பண்டிதர் ஆராய்ந்தார். ஒரு ஸ்தாயியைச் சமமான 24 பங்குகளாகப் பிரிப்பதே பழந்தமிழர் முறை என்னும் முடிவுக்கு வந்தார். ஒரு சுரத்துக்கு இரண்டு சுருதிகள் என்று அது சரியாகப் பங்கிடப்படுகிறது. தந்தியின் நீளத்தைப் பின்னக் கணக்காக எழுதிப் பக்கம் பக்கமாக அட்டவணைகள் வகுத்தார்.

மாநாடுகள்

தாம் கண்டதே சரியென்று அவர் வீட்டினுள் உட்கார்ந்துவிடவில்லை. 1912ஆம் ஆண்டு தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். 1912 முதல் 1914 வரை ஆறு மாநாடுகளைக் கூட்டினார். பாடகர்கள், வீணை வித்துவான்கள், நாதசுரக் கலைஞர்கள், வடமொழி அறிஞர்கள், தமிழ்ப் புலவர்கள் என எல்லாரையும் அழைத்தார். தம்மை மறுப்பவர்களையும் அழைத்தார்! வந்தவர்களுக்கு உணவு, உறையுள் உட்பட எல்லாச் செலவும் பண்டிதருடையதே. தம் கருத்தை எதிர்ப்பவருக்கும் இலையில் சோறு பரிமாறி வாதம் கேட்ட பொறுமையை என்னென்பது!

பரோடாவில் பாடிய பெண்கள்

பண்டிதர் வாழ்வில் மிகப் பெரிய சோதனை 1916 மார்ச்சு மாதத்தில் வந்தது. பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாடின் ஆதரவில் முதல் அகில இந்திய இசை மாநாடு கூடிற்று. வடநாட்டு இசையறிஞர் பாத்கண்டே அதனை முன்னின்று நடத்தினார். பண்டிதருக்கும் அழைப்பு வந்தது. நாடெங்கிலுமிருந்து வந்த பேரறிஞர்கள் முன்னே தம் கொள்கையை அவர் நிலைநாட்ட வேண்டும். கணக்கைத் தாளில் எழுதிக் காட்டலாம். ஆனால் இசைக்கு நீதிபதி செவியல்லவா? யார் பாடிக் காட்டுவது?

பண்டிதர் பெயர்பெற்ற பாடகர் எவரையும் அழைத்துச் செல்லவில்லை. தம் புதல்வியர் மரகதவல்லி, கனகவல்லி இருவரையும் அழைத்துச் சென்றார். அவர்களுக்கு இசையும் வீணையும் தாமே கற்பித்திருந்தார். அக்காலத்தில் குடும்பப் பெண்கள் மேடையேறிப் பாடுவதை ஊர் ஏற்றுக்கொள்ளாது, ஏளனம் செய்யும். அதைப் பண்டிதரும் அறிவார், அப்பெண்களும் அறிவர். பாட்டில் ஒரு சுருதி பிசகினாலும் தந்தையின் பல்லாண்டு உழைப்பு நகைப்புக்கு இடமாகும். இவ்வளவு பெரிய சுமையைத் தோளில் ஏற்றுக்கொண்டு அவ்விருவரும் தஞ்சையிலிருந்து பரோடா வரை ரயிலேறிச் சென்றார்கள்.

சபை நடுவே தந்தை தம் சுருதி முறையை விளக்க, மகளிர் வீணையுடன் பாடி அதை மெய்ப்பித்துக் காட்டினர். கூடியிருந்தோர் அவர்களுடைய இசையைப் பாராட்டினர். சுருதி 22ஆ, 24ஆ என்னும் வழக்கு அன்றோடு தீர்ந்துவிடவில்லை என்பதும் உண்மை. ஆயினும் ஏட்டில் உறங்கிய ஒரு பழைய இசை இலக்கணம் இரண்டு தமிழ்ப் பெண்களின் குரலில் உயிர்பெற்று நாட்டு அறிஞர் அனைவர் முன்னும் ஒலித்தது அன்றுதான். பண்டிதர் வரலாற்றைப் படிப்போர் பலரும் இப்பெண்களின் பெயரை விரைந்து கடந்துவிடுகின்றனர். பெண்கள் பள்ளி மாணவிகளாகிய நாங்கள் அவ்வாறு கடக்க விரும்பவில்லை.

கருணாமிர்த சாகரம்

மறு ஆண்டு, 1917இல், பண்டிதர் தம் ஆராய்ச்சி முழுவதையும் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலாகத் தம் சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டார். அது 1300 பக்கங்களுக்கும் மேற்பட்டது. சாகரம் என்றால் கடல், பெயருக்கேற்ற நூல்தான்! அடுத்த பாகத்துக்கான வேலையில் இருந்தபோதே 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் தம் அறுபதாவது வயதில் இறைவனடி சேர்ந்தார். இரண்டாம் பாகம் அவர் மறைந்து நெடுநாள் கழித்து 1946இல் வெளிவந்தது.

அவர் எழுதிய எல்லாவற்றையும் இன்றைய அறிஞர் ஒப்புவதில்லை. கடலில் மூழ்கிய லெமூரியாக் கண்டம் பற்றி அவர் எழுதியதை இன்றைய நிலவியல் ஏற்கவில்லை. சமமான 24 பங்கு என்னும் கணக்கையும் மறுப்போர் உளர். ஆனால் பழைய நூலில் உள்ள இசையைப் பொருள் அறிந்து மீண்டும் பாடிப் பார்க்க வேண்டும் என்னும் வழியைத் திறந்தவர் அவரே. அவ்வழியில் நடந்தே ஈழத்து விபுலானந்த அடிகள் 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றுவதற்கும் இத்தகைய உழைப்பே நிலம் பண்படுத்தி வைத்தது.

உலகெங்கும் இதே தேடல்

வியப்பு என்னவெனில், அதே காலத்தில் உலகின் வேறு மூலைகளிலும் இதே தேடல் நடந்துகொண்டிருந்தது. பிரான்சு நாட்டில் சொலேம் என்னுமிடத்து மடத்தைச் சேர்ந்த பெனடிக்டின் துறவியர், திருச்சபையின் பழைமையான கிரகோரியன் பாடல்கள் காலப்போக்கில் உருமாறிவிட்டதைக் கண்டனர். பழைய கையெழுத்துச் சுவடிகளைத் தேடி ஒப்பிட்டு, உண்மையான பாட்டு எது என்று ஆராய்ந்தனர். திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் 1903ஆம் ஆண்டு, இசைக்குப் பாதுகாவலியாகிய புனித செசிலியாவின் திருநாளில், அப்பழைய இசையை மீண்டும் வழிபாட்டில் நிலைநாட்டும்படி கட்டளை பிறப்பித்தார். பண்டிதருக்கு ஓராண்டு மூத்தவரான ஆர்னால்டு டால்மெட்சு இங்கிலாந்தில் மறந்துபோன பழைய இசைக் கருவிகளைத் தம் கையாலேயே செய்து, தம் குடும்பத்தாரைக் கொண்டு வாசிக்கச் செய்தார்.

அவ்விதை பின்னர் மரமாயிற்று. எம்மா கிர்க்பி என்னும் ஆங்கிலப் பாடகி உச்சக் குரலில், அதாவது சொப்ரானோ குரலில், பாடுபவர். அவரும் முதலில் பள்ளி ஆசிரியைதான்! பெரிய இசையரங்குகளில் அதிரப் பாடும் வழக்கத்தை விட்டு, பழைய பாடல்கள் இயற்றப்பட்ட காலத்தில் எப்படிப் பாடப்பட்டிருக்கும் என்று எண்ணி, நடுக்கமில்லாத தெளிந்த குரலில் பாடிப் புகழ் பெற்றார். பழைமையை அறிந்து பாடுவதே ஒரு வாழ்நாள் தொண்டாக முடியும் என்பதற்கு அவர் சான்று.

எங்கள் கதை

இப்போது முதலில் சொன்ன செய்திக்கு வருகிறோம். சென்ற ஆண்டு பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒத்திகை நடந்தது. கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் தோழி ஒருத்தி, தன் பாட்டி சாமை குத்தும்போது பாடும் பாட்டைப் பாடினாள். அதன் சொற்களும் இழுத்துப் பாடும் முறையும் எங்களுக்குப் புதியன. நாங்கள் சிரித்துவிட்டோம். அவள் பாதியில் நிறுத்தி அமர்ந்தாள். விழாவில் அவள் பாடவில்லை.

சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த இசை வகுப்பில் பண்டிதருடைய கதையைச் சொன்னார். பரோடாவில் பாடிய இரு பெண்களின் கதையைச் சொன்னார். அவ்வளவுதான். எங்களுக்கு விளங்கிவிட்டது. தோழியிடம் மன்னிப்புக் கேட்டு, அந்தப் பாட்டை முழுவதும் சொல்லித் தரும்படி வேண்டினோம். அவளுக்கு இரண்டு கண்ணிகள்தாம் தெரிந்திருந்தன. விடுமுறையில் ஊருக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்டு வருவதாகச் சொன்னாள். ஆனால் விடுமுறை வருமுன்னே பாட்டி காலமானார். மீதிக் கண்ணிகள் அவரோடு போய்விட்டன.

அந்த இரண்டு கண்ணிகளையாவது காப்போம் என்று சிஸ்டர் ஹார்மோனியத்தில் அதற்குச் சுரம் தேடினார். ஓரிடத்தில் அவள் குரல் ஹார்மோனியத்தின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நின்றது. எந்தக் கட்டையை அழுத்தினாலும் அந்த ஒலி வரவில்லை. பலமுறை பாடச் சொன்னோம். ஒவ்வொரு முறையும் அவள் குரல் அதே இடத்தில்தான் நின்றது. பிழையன்று, அதுதான் அந்தப் பாட்டு! சுருதி என்றால் என்ன, பண்டிதர் ஏன் தம் செல்வத்தையெல்லாம் அதற்காகச் செலவிட்டார் என்பது அந்த நிமிடத்தில்தான் எங்களுக்குப் புரிந்தது. நாங்கள் எதைக் கேட்டுச் சிரித்தோமோ, அதைக் கேட்டால் அவர் குறிப்பேட்டைக் கையில் எடுத்திருப்பார்.

முடிவுரை

அன்று தொடங்கி எங்கள் வகுப்பில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். மலையிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் தாய்மாரிடமும் பாட்டிமாரிடமும் தாலாட்டு, நடவுப் பாட்டு, குத்துப் பாட்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதுகிறோம். இதுவரை ஏழு பாடல்கள் சேர்ந்துள்ளன. அவற்றுள் ஒன்றைத் தோழியே இவ்வாண்டு விழாவில் பாட இசைந்திருக்கிறாள்.

அன்பார்ந்த பெற்றோர்களே, உங்கள் வீட்டு முதியோர் அறிந்த பாட்டுகளை எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். நாங்கள் இவ்வாண்டுடன் பத்தாம் வகுப்பை முடிக்கிறோம். குறிப்பேட்டை ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளிடம் ஒப்படைக்கிறோம். தங்கைகளே, அதில் இன்னும் பல பக்கங்கள் வெறுமையாக உள்ளன. காத்திருந்தால் பாட்டிமார் காத்திருக்க மாட்டார்கள். பண்டிதர் கடலளவு தேடினார். நாம் கையளவேனும் தேடுவோம்.

வாழ்க தமிழிசை! வளர்க பண்டிதர் புகழ்!